அழாமல் பாடிய பாட்டு: ஒரு கண்ட்ரி கவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரத்தின் நடுவிலேயே பெர்ரி ஹில் என்று தனி நகராட்சியாக ஒரு குட்டி ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் குடும்பங்கள் வசித்த சிறிய வீடுகளில் பல இன்று ஒலிப்பதிவுக் கூடங்கள். அப்படிப்பட்ட ஒரு கூடத்தில் 2023-இல் நடந்த பதிவைப் பற்றியது இந்தக் குறிப்பு. அமெரிக்க நாட்டுப்புற மரபிலிருந்து வந்த கண்ட்ரி இசையின் பழைய பாட்டு ஒன்றுக்கு எடுத்த கவர் அது, அதாவது ஒருவர் பாடி வெளிவந்த பாட்டை இன்னொருவர் தன் குரலில் பதிவு செய்வது. நான் அதில் ஒலிப்பொறியாளராக இருந்தேன். பாடகி, தயாரிப்பாளர், கிட்டார் கலைஞர் மூவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்பது அவர்கள் கேட்டுக்கொண்டது.

பாடகிக்கு ஐம்பது வயதுக்கு மேல். பல ஆண்டுகள் மற்றவர்களின் ஆல்பங்களில் பின்னணிக் குரல் கொடுத்தவர். சொந்தமாகச் சில ஆல்பங்களும் உண்டு. பெரிய வெற்றி கிடையாது, ஆனால் சின்ன அரங்கங்களை நிரப்பும் அளவுக்கு நிலையான ரசிகர்கள் இருந்தார்கள். புதிய ஆல்பத்துக்கு எல்லாம் சொந்தப் பாட்டுகளே. ஒன்றே ஒன்று மட்டும் பழைய பாட்டு வேண்டும் என்றார். கண்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் ‘ஐம் ஸோ லோன்ஸம் ஐ குட் க்ரை’யை (அழுதுவிடலாம் போல அவ்வளவு தனிமை என்று பொருள்) தேர்ந்தெடுத்தவரும் அவரேதான். அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய நீண்ட மணவாழ்க்கை முறிந்திருந்தது. இது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. பின்னால் வேறு இடத்தில் அது பேச்சாக வந்தது, அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

பாட்டின் கதை

இந்தப் பாட்டை வில்லியம்ஸ் 1949 ஆகஸ்ட் 30 அன்று ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியில், ஹெர்ஸாக் ஸ்டூடியோவில் பதிவு செய்தார். எம்ஜிஎம் நிறுவனம் இதை ஒரு துள்ளல் பாட்டின் பின்பக்கத்தில் போட்டு வெளியிட்டது. இசைத்தட்டின் முதல் பக்கம்தான் ஓடும் என்று நினைத்தார்கள் போல. இன்று அந்த முதல் பக்கத்தை எத்தனை பேர் முணுமுணுக்கிறார்கள்?

வில்லியம்ஸ் 1953 ஜனவரி 1 அன்று, 29 வயதில் இறந்துபோனார். அதன் பிறகும் பாட்டு ஓயவில்லை. 1966-இல் பி. ஜே. தாமஸ் பாடி, பில்போர்ட் இதழின் பாப் பட்டியலில் 8-ஆம் இடம் வரை கொண்டுபோனார். எல்விஸ் பிரெஸ்லி 1973-இல் ஹோனலூலு கச்சேரியில், தான் கேட்டதிலேயே மிகச் சோகமான பாட்டு இதுதான் என்கிற மாதிரி அறிமுகம் செய்துவிட்டுப் பாடினார். அதே ஆண்டு ஆல் கிரீன் அதை ஸோல் இசைக்குக் கொண்டுவந்தார். ஜானி கேஷ் தன் கடைசிக் காலத்தில், 2002-இல் வெளியான ஆல்பத்தில், நிக் கேவுடன் சேர்ந்து பாடினார்.

கட்டமைப்பு மிக எளிது. மூன்றடித் தாளம், வால்ட்ஸ். நம் கணக்கில் திஸ்ரம். நான்கு சரணங்கள், பல்லவி என்று தனியாக எதுவும் கிடையாது. ஒவ்வொரு சரணமும் ஒரே மெட்டில் போய், தலைப்பு வரியில் வந்து முடியும். முதல் சரணத்தில் இரவில் கூவும் பக்கிக் குடும்பத்துப் பறவையும் நள்ளிரவு ரயிலும். இரண்டாவதில் நகராத இரவு, மேகத்துக்குள் முகம் மறைக்கும் நிலா. மூன்றாவதில் இலை உதிரும்போது அழும் ராபின் குருவி. நான்காவதில் ஓசையில்லாமல் விழும் எரிநட்சத்திரம். பிரிந்துபோன ஆள் யார் என்று கடைசிச் சரணம் வரை ஒரு குறிப்பும் இல்லை. எங்கே இருக்கிறாயோ என்று கடைசியில்தான், அதுவும் ஒரே ஒரு முறை, அந்த ஆளை நோக்கிப் பேச்சு திரும்புகிறது. இந்த அமைப்பை நாங்கள் முதலில் சரியாகக் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

முதல் டெமோவில் கண்டது

பாடகி வீட்டிலேயே ஒரு டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, செய்து அனுப்பியிருந்தார். நிமிடத்துக்கு 66 தட்டு வேகம், ஆறு கட்டை சுருதி, வரிகளுக்கு நடுவே நீண்ட இடைவெளிகள். நாலரை நிமிடம் ஓடியது. அவர் மனதில் இருந்த முன்மாதிரி கனடாவின் கவ்பாய் ஜங்கீஸ் குழு. அவர்கள் 1987 நவம்பரில் டொராண்டோவின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ஒரே ஒரு மைக்கைச் சுற்றி நின்று பதிவு செய்த ஆல்பத்தில் இந்தப் பாட்டும் உண்டு. மிக மெதுவாக, கிசுகிசுப்பதுபோல் போகும். மென்மையான கவர் என்று யாராவது கேட்டால் நானும் அதைத்தான் முதலில் சொல்வேன்.

டெமோவைக் கேட்டபோது குரலில் குறையில்லை. இருந்தும் இரண்டாம் சரணத்திலேயே கவனம் நழுவியது. தயாரிப்பாளர் தன் அலுவலகத்தில் வேறு மூன்று பேருக்குப் போட்டுக் காட்டினார். மூவருமே பாட்டு பாதியைத் தாண்டும்போது வேறு ஏதோ பேச ஆரம்பித்துவிட்டார்களாம். இது ஆய்வு முறை ஆகாது, தெரியும். ஆனாலும் அறிகுறி தெளிவாக இருந்தது.

காரணம் என்ன என்று உட்கார்ந்து கேட்டோம். முதலாவது, நான்கு சரணங்களின் முடிவிலும் குரலை உடைத்திருந்தார். கண்ட்ரி இசையில் குரல் சட்டென்று மேல் ஸ்தாயிக்கு எகிறி விம்முவது ஒரு பழைய உத்தி. வில்லியம்ஸே அதில் கைதேர்ந்தவர். ஆனால் ஒரே இடத்தில் நான்கு தடவை வந்தால் கேட்பவருக்கு அடுத்தது எப்போது வரும் என்று தெரிந்துவிடுகிறது. முதல் சரணத்திலேயே அழுது முடித்துவிட்டால் நான்காவதுக்கு எதுவும் மிச்சமில்லை.

இரண்டாவது, இடைவெளிகள் வெறுமையாக இருந்தன. டொராண்டோ பதிவில் ஒவ்வொரு வரிக்கும் பிறகு தேவாலயத்தின் எதிரொலி அந்த இடத்தை நிரப்பும். அங்கே பாடியவரும் குரலை உடைக்கவில்லை, சமமாகவே பாடியிருக்கிறார். எங்கள் பாடகி அந்த வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தரைவிரிப்பு போட்ட படுக்கையறையில் பாடியிருந்தார். மெதுவான பாட்டுக்கு ஏதோ ஒன்று தாங்கிப் பிடிக்க வேண்டும். அங்கே கட்டடம் பிடித்தது, இங்கே எதுவும் பிடிக்கவில்லை.

மூலப் பதிவைத் திரும்பக் கேட்டபோது எங்கள் எல்லோருக்கும் வியப்பு. நினைவில் இருந்ததைவிட அது வேகமாகப் போகிறது. கிட்டார் ஒன்று-இரண்டு-மூன்று என்று நிற்காமல் நடக்கிறது, மூன்று நிமிடத்துக்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. சோகம் அத்தனையும் சொற்களில் இருக்கிறது, தாளம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறது.

வேகமும் சுருதியும்

இந்த இடத்தில் கிட்டார் கலைஞர் ஒரு யோசனை சொன்னார். எழுபதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். வில்லியம்ஸ் இந்த வரிகளை முதலில் பாடுவதற்காக எழுதவில்லை, பேசி வாசிப்பதற்காக எழுதினார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்வதுண்டு. அப்படியானால் நாமும் மெட்டை விட்டுவிட்டு ஒரு தடவை வாசித்துப் பார்க்கலாமே என்றார்.

பாடகி காகிதத்தை வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவரிடம் சொல்வதுபோல் வாசித்தார். நடிக்காமல் வாசித்ததால் வேகம் தானாக ஏறியது. முதல் மூன்று சரணங்களில் குரல் கிட்டத்தட்ட தகவல் சொல்வதுபோல் இருந்தது. அதோ பறவை, அதோ ரயில், அதோ நிலா. நான்காவதில், அந்த ஆளை நோக்கிப் பேசும் வரியில், வேகம் கொஞ்சம் தளர்ந்தது. அவர் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை.

அந்த வாசிப்பின் மீது கிட்டாரை வைத்துப் பார்த்தபோது 92-க்கு அருகில் வந்தது. அதுவே வேகம் என்று முடிவானது. சுருதியை ஆறு கட்டையிலிருந்து ஐந்து கட்டைக்கு இறக்கினோம். ஆறில் மேல் வரிகளை எட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது, அந்த முயற்சியே உணர்ச்சிபோல் காதில் விழுந்தது. ஐந்தில் அவர் பேசும் குரலுக்குப் பக்கத்தில் நின்று பாட முடிந்தது. கீழ்ஸ்தாயியில் சில சொற்கள் மங்கின. அதை மைக் பார்த்துக்கொள்ளும் என்று நான் சொன்னேன்.

பாடகி இதையெல்லாம் உடனே ஏற்கவில்லை. வேகமாகப் பாடினால் பாட்டை அலட்சியப்படுத்துவதுபோல் இருக்கிறது என்றார். நியாயமான பயம்தான். இரண்டு வேகத்திலும் கிட்டாரை மட்டும் பதிவு செய்து கையில் கொடுத்து, வீட்டில் பாடிப் பார்க்கச் சொன்னார் தயாரிப்பாளர். அடுத்த வாரம் வந்தவர் மெதுவான பதிவைப் பற்றிப் பேசவே இல்லை.

பதிவு

முதல் முடிவு, கிளிக் வேண்டாம் என்பது. ஹெட்போனில் தட்டிக்கொண்டே இருக்கும் தாளத்துக்குப் பாடினால் நான்காம் சரணத்தில் வந்த அந்தத் தளர்வு வராது. இரண்டாவது, பாடகியும் கிட்டாரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். இதற்கு விலை உண்டு. குரல் மைக்கில் கிட்டாரும், கிட்டார் மைக்கில் குரலும் கலந்துவிடும். பிறகு குரலின் சுருதியை மென்பொருளில் திருத்தினால், கிட்டார் மைக்கில் இருக்கும் திருத்தாத குரலோடு மோதி இரட்டையாகக் கேட்கும். கிளிக்கும் இல்லாததால் ஒரு டேக்கின், அதாவது ஒரு முறை பாடிய பதிவின், வரியை இன்னொன்றில் ஒட்டுவதும் சிரமம். அதாவது, எந்த டேக்கைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதை முழுசாக ஏற்க வேண்டும். தயாரிப்பாளர் இதைப் பாடகியிடம் முன்கூட்டியே விளக்கினார்.

குரலுக்கு ஒரு ரிப்பன் மைக் வைத்தேன். அது முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது. அந்தக் கேட்காத பக்கத்தில் கிட்டார் கலைஞரை உட்கார வைத்ததால் கலப்பு நன்றாகக் குறைந்தது. இவ்வகை மைக்குகளில் வாய் நெருங்க நெருங்கக் கீழ்ஸ்தாயி பருத்துக் கேட்கும். ஐந்து கட்டையில் மங்கிய சொற்களுக்கு அது கைகொடுத்தது. ரொம்ப நெருங்கினால் மூச்சும் உதட்டோசையும் பெரிதாகி, காதருகில் வந்து கொஞ்சுவதுபோல் ஆகிவிடும். இப்போது வரும் பல மென்மையான கவர்களில் எனக்குப் பிடிக்காத விஷயம் அது. ஒரு சாண் தூரம் வைத்தோம். மூச்சு கேட்கும், ஆனால் அதுவே காட்சிப்பொருளாகாது.

குரலை எங்கே உடைப்பது என்பதில், வந்தால் வரட்டும், வரவழைக்க வேண்டாம் என்று பேசி வைத்திருந்தோம். நான்காம் சரணத்தில்தான் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். தேர்வான டேக்கில் அது மூன்றாவதில், ராபின் குருவி வரும் வரியில் வந்துவிட்டது. கடைசிச் சரணத்தை அவர் உலர்ந்த குரலில், கிட்டத்தட்டப் பேசி முடித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தயாரிப்பாளர் இன்னொரு டேக் கேட்கக் கையைத் தூக்கினார், அப்புறம் கீழே போட்டுவிட்டார்.

அந்த டேக்கில் நான்காம் சரணத்தில் ஒரு நீண்ட ஸ்வரம் சற்றே இறங்கி நிற்கிறது. பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன்படுத்தும் மிக்ஸிங் வேலையைச் செய்தவர் அதைத் திருத்தியே ஆக வேண்டும் என்றார். மைக்குகளில் ஒலி கலந்திருப்பதால் சுத்தமாகத் திருத்த முடியாது என்பது ஒன்று. திருத்த முடிந்திருந்தாலும் வேண்டாம் என்றார் பாடகி. மிக்ஸிங் செய்தவருக்குக் கடைசி வரை உடன்பாடில்லை.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது

ஆல்பத்துக்குப் பணம் போட்ட சிறு நிறுவனம் வயலின்கள் சேர்க்கச் சொன்னது. சேர்த்துப் பார்த்தோம். நன்றாகவே இருந்தது, அதுதான் சிக்கல். கேட்பவர் எங்கே கலங்க வேண்டும் என்று வயலின்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டன. எடுத்துவிட்டோம்.

ஸ்டீல் கிட்டார் விஷயம் வேறு. கம்பிகள் மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் கிட்டார் அது. மூலப் பதிவில் ஜெர்ரி பைர்ட் ஸ்டீல் வாசித்திருக்கிறார். பெடல் இல்லாத பழைய வகையில் பேர்பெற்றவர். குரலுக்குப் பக்கத்தில் இன்னொரு குரல் மாதிரி அது கூடவே வரும். அதைத் தொட்டால் ஒப்பீடு வரும் என்று தயாரிப்பாளர் ஸ்டீலையே தவிர்த்தார். எனக்கு இன்றுவரை அது ஒரு குறையாகவே படுகிறது. ஒப்பீடு வந்தால் வரட்டுமே. இரண்டாம் சரணத்துக்குப் பிறகு வரும் கிட்டார் பகுதியைக் கேட்கும்போதெல்லாம் அங்கே ஸ்டீல் இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

பாடகி ஐந்தாவதாக ஒரு சரணம் எழுதி வைத்திருந்தார். நல்ல வரிகள். அது போகாததற்குக் காரணம் சட்டம்.

உரிமம்

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 115-ஆம் பிரிவுப்படி, ஒரு தடவை முறையாகப் பதிவாகி வெளியான பாட்டை வேறு எவரும் பதிவு செய்யலாம். உரிமையாளரின் தனிச் சம்மதம் தேவையில்லை. முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, நிர்ணயித்த தொகையைக் கட்டினால் போதும். 2006 முதல் ஒரு பிரதிக்கு 9.1 சென்ட் என்று நின்றிருந்த அந்தத் தொகை 2023-இல் 12 சென்ட் ஆனது. ஐந்து நிமிடத்துக்குட்பட்ட பாட்டுக்கு இந்தக் கணக்கு. ஆயிரம் இசைத்தட்டுக்கு 120 டாலர். ஸ்ட்ரீமிங்கில் பாட்டின் உரிமைத்தொகையைச் சேவை நிறுவனங்களே கட்டிவிடுகின்றன. 2021 ஜனவரியிலிருந்து இதற்கென்று ஒரு பொது அமைப்பு வசூலித்துப் பிரித்துக் கொடுக்கிறது.

அதே பிரிவில் ஒரு வரம்பும் உண்டு. பாட்டை நம் பாணிக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம், ஆனால் அடிப்படை மெட்டையும் படைப்பின் இயல்பையும் மாற்றக் கூடாது. வேகம், சுருதி, வாத்தியம் எல்லாம் இதற்குள் அடங்கும். புதுச் சரணம் அடங்காது, அதற்குப் பாட்டின் உரிமையை வைத்திருக்கும் பதிப்பாளரிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். கேட்டுப் பார்க்கலாம் என்றார் நிறுவனத்தின் வழக்கறிஞர். பாடகியே வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்த வரிகள் பிற்பாடு அவருடைய வேறொரு பாட்டில் போய்ச் சேர்ந்தன.

காணொளிதான் சறுக்கிய இடம். ஒலியைப் படத்தோடு சேர்க்க வேறு உரிமம் வேண்டும். அதற்கு நிர்ணயித்த தொகை கிடையாது, பதிப்பாளர் மறுக்கவும் செய்யலாம். படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் நிறுவனம் விண்ணப்பித்தது. பதில் வருவதற்குள் வெளியீட்டுத் தேதி தாண்டிவிட்டது. வந்த பதிலில் இருந்த தொகை கையில் இருந்த பணத்தைவிட அதிகம். படம் இன்னும் யாருடைய வன்தட்டிலோ கிடக்கிறது.

வெளியான பிறகு

விளம்பரம் பார்த்தவர் பாடகியின் மணமுறிவை முன்வைத்துச் செய்திக்குறிப்பு எழுதி வந்தார். மனம் உடைந்த பெண் மனம் உடைந்த பாட்டைப் பாடுகிறாள் என்கிற கோணம். பத்திரிகைகள் எடுத்துக்கொள்ளும் என்பதில் சந்தேகமில்லை. பாடகி மறுத்தார். முன்னாள் கணவருக்கும் அந்தச் செய்தியைப் படிக்க நேரும், அவரும் இதே ஊரில்தான் இசைத் தொழிலில் இருக்கிறார் என்றார். கூடவே, கேட்பவர்கள் தங்கள் கதையை வைத்துக்கொண்டு கேட்கட்டும், என் கதை நடுவில் எதற்கு என்றும் கேட்டார். செய்திக்குறிப்பில் பாட்டின் வரலாறும் பதிவு முறையும் மட்டும் போயின.

எண்ணிக்கையில் சொன்னால் வெளியீடு சுமார்தான். அவருடைய முந்தைய பாட்டு ஒன்றைவிட இது ஸ்ட்ரீமிங்கில் குறைவாகவே ஓடியது. வணிக கண்ட்ரி வானொலிகள் எடுக்கவில்லை. ஓர் உள்ளூர்ப் பொது வானொலி இரவு நிகழ்ச்சியில் அடிக்கடி ஒலிபரப்பியது. செய்திக்குறிப்பை முதலில் எழுதியபடியே விட்டிருந்தால் எண்ணிக்கை கூடியிருக்கும் என்று விளம்பரம் பார்த்தவர் இப்போதும் சொல்கிறார். அவர் சொல்வதில் உண்மை இருக்கலாம்.

கச்சேரியில் நிலைமை வேறு. டெமோ வேகத்தில் இதை அவர் முன்பு மேடையில் பாடியபோது பார் பக்கம் பேச்சு கூடும் என்று கிட்டார் கலைஞர் சொன்னார். புதிய வேகத்தில் நிகழ்ச்சியின் நடுவில் வைத்துப் பாடுகிறார், கூடம் அமைதியாகவே இருக்கிறது. கச்சேரி முடிந்து வருபவர்களில் பலர் இறங்கி நிற்கும் அந்த ஸ்வரத்தைத்தான் குறிப்பிடுகிறார்கள். சிலருக்கு அது பிடித்திருக்கிறது, சிலர் ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்கிறார்கள். கண்ட்ரி பழமையில் ஊறியவர்கள் ஸ்டீலைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நானும்.

அடுத்த முறைக்கு

தயாரிப்பாளர் இப்போது எந்தக் கவர் வந்தாலும், வேகமோ சுருதியோ பேசுமுன் பாடுபவரை வரிகளை வாசிக்கச் சொல்கிறார். எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்தாது. தாளமே உயிராக இருக்கும் பாட்டில் வாசிப்பு எதையும் சொல்லித் தராது. சொற்கள் பேச்சுக்கு அருகில் இருக்கும் பாட்டுகளில் பலன் கிடைத்திருக்கிறது.

காணொளி எண்ணம் இருந்தால், பாட்டைத் தேர்வு செய்த வாரமே பதிப்பாளருக்கு எழுதுவது என்று நிறுவனம் விதி வைத்திருக்கிறது. முன்மாதிரியாக ஒரு பதிவைச் சொல்பவரிடம், அது எந்த இடத்தில், எப்படிப் பதிவானது என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறோம். ஒரே அறையில் சேர்ந்து பதிவு செய்வதை அப்படியே தொடர்கிறோம். ஒரு மாற்றம் மட்டும். தேர்வான டேக்கை ஏற்பது என்ற ஒப்பந்தத்தில் மிக்ஸிங் செய்பவரையும் முதலிலேயே உட்கார வைத்துப் பேசிவிடுகிறோம்.

பாடகியின் அடுத்த ஆல்பத்துக்குப் பேச்சு நடக்கிறது. அதில் கவர் எதுவும் இல்லை. ஸ்டீல் கிட்டாருக்கு மட்டும் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.